சேஷாத்ரி சார் ஏற்றுக்கொள்ளாத பறவை

செய்தி வந்தபோது நான் ஒருவருடைய கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தேன். மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஏழு மணிக்கெல்லாம் வெறும் வயிற்றோடு வந்தவர்களின் வரிசை வாசல்வரை நிற்கும். மேசைமேல் கிடந்த போன் விடாமல் அதிர்ந்தது. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எடுத்துப் பார்த்தேன். எங்கள் பறவை பார்ப்போர் குழுவின் வாட்ஸ்அப்பில் வரிசையாகக் கூப்பிய கைகள். "சேஷாத்ரி சார் இன்று விடியற்காலை காலமானார்" என்று ஒருங்கிணைப்பாளர் பிரபு போட்டிருந்தார். "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று அடியில் ஒருவர் எழுதியிருந்தார். அந்த ஒருவர் பார்த்ததாகச் சொன்ன மூன்று பறவைகளை சார் நிராகரித்திருக்கிறார். அதற்காக அவர் சாரை என்னென்ன சொல்லித் திட்டினார் என்பது எனக்குத் தெரியும். பாதியை இங்கே எழுத முடியாது.

நான் எதுவும் போடவில்லை. அடுத்தவரைக் கூப்பிட்டுச் சட்டைக் கையை மடிக்கச் சொன்னேன்.

மூன்றாம் நாள் பிரபு போன் செய்தார். "அக்கா, நம்ம குழு மலர்ல சாருக்கு ஒரு அஞ்சலிக் கட்டுரை போடணும். நீங்கதான் எழுதணும்."

"என்னை ஏன் கேக்கறீங்க? ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"சார்கூட அதிகமா கடிதப் போக்குவரத்து வெச்சிருந்தது நீங்கதானே அக்கா."

"அது கடிதப் போக்குவரத்து இல்ல பிரபு. சண்டை."

"அதையே எழுதுங்க. கொஞ்சம் மரியாதையா மட்டும் எழுதிடுங்க, போதும்."

மரியாதையாகவே எழுதுகிறேன். 'வந்தார்', 'சொன்னார்' என்றுதான் கடைசிவரை இருக்கும். எனக்கு அவரைப் பிடித்திருந்தது என்று மட்டும் எழுத மாட்டேன். பதினோரு வருடங்கள் அவரை வெறுத்தேன். அவர் போன பிறகும் அது பெரிதாகக் குறைந்துவிடவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காக: சேஷாத்ரி சார் மந்தைவெளிக்காரர். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், நஷ்ட ஈடு கேட்டு வருகிற மனுக்களை விசாரிக்கிற பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தீப்பிடித்த கிடங்குக்குப் போய், உண்மையிலேயே தீ தானாகப் பிடித்ததா என்று சாம்பலைக் கிளறிப் பார்க்கிற வேலை. ஓய்வு பெற்றதும் மனிதருக்குக் கிளறுவதற்குச் சாம்பல் கிடைக்கவில்லை. நாங்கள் கிடைத்தோம்.

சென்னையில் பறவை பார்க்கிற எல்லோரும், பார்த்ததைப் பொதுப் பட்டியல் ஒன்றில் இணையத்தில் ஏற்றுகிறோம். காகம், மைனா என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை. இந்த ஊரில் வராத, அல்லது எப்போதோ ஒருமுறை வருகிற பறவையைப் போட்டால் அது ஒரு சரிபார்ப்பவரிடம் போகும். அவர் கேள்வி கேட்பார், போட்டோ கேட்பார், யோசிப்பார். அவர் ஏற்றுக்கொண்டால்தான் அந்தப் பறவை பட்டியலில் தெரியும். இல்லையென்றால் உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் அது வந்துபோனதாகக் கணக்கு. தென் சென்னைக்கு அந்தச் சரிபார்ப்பவர் சேஷாத்ரி சார். சம்பளம் இல்லாத வேலை. அதை அவர் செய்த மும்முரத்தைப் பார்த்தால் சம்பளத்தை நாங்கள்தான் கொடுக்கிறோமோ என்று தோன்றும்.

ஆள் ஒல்லி. வெளுத்துப்போன தொப்பி. தொலைநோக்கியைக் குற்றாலத் துண்டு ஒன்றில் சுற்றித் தோளில் போட்டிருப்பார். யார் வணக்கம் சொன்னாலும் பதில் வணக்கத்துக்கு முன்னால் "என்ன பாத்தேள்?" என்று கேட்பார். சொன்னதும் அடுத்த கேள்வி, "எதை வெச்சுச் சொல்றேள்?"

நான் குழுவில் சேர்ந்த முதல் வருடம் தி. நகர் நகைக்கடைக்காரர் ஒருவர் எங்களோடு வந்துகொண்டிருந்தார். நல்ல மனிதர். நடைக்கு வரும்போதெல்லாம் எல்லோருக்கும் இனிப்புப் பெட்டி கொண்டுவருவார். ஒருநாள் அவருடைய மொட்டை மாடியில் ஜாவா சிட்டு ஒன்று வந்து உட்கார்ந்ததைப் படம் எடுத்து, பெரிதாக அச்சுப்போட்டு, கண்ணாடிச் சட்டமே மாட்டிக் கொண்டுவந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் ஆகா ஓகோ என்றோம். சார் அதைக் கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"வால் நுனியைப் பாருங்கோ. தேய்ஞ்சிருக்கு. கூண்டுக் கம்பியில உரசி உரசித் தேய்ஞ்சது. இது எங்கேயிருந்தும் பறந்து வரலை. உங்க பக்கத்துத் தெருவுல யாராத்துலேர்ந்தோ தப்பிச்சிருக்கு."

சொன்னது சரிதான். அதை அந்தச் சட்டத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பதினைந்து பேர் நடுவில் சொன்னார். நகைக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே படத்தைப் பைக்குள் வைத்தார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை. இனிப்பும் போயிற்று.

அவருக்கு ஒரு விதி உண்டு. புதிய பறவையைப் பார்த்தால், புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் பார்த்ததை நோட்டில் எழுதிவிட வேண்டும். எழுதி முடித்து, அடியில் கோடு போட்டு, மணியைக் குறித்த பிறகுதான் புத்தகம். "புஸ்தகத்தைத் திறந்தேள்னா கண்ணு மறந்துடும். அப்புறம் புஸ்தகம் பாத்ததையெல்லாம் நீங்க பாத்ததா எழுதுவேள்" என்பார். இதை அவர் சொன்ன முதல் தடவை நாங்கள் தலையாட்டினோம். நூறாவது தடவை பின்னால் நின்று அவரைப்போலவே பேசிக் காட்டிச் சிரித்தோம். நானும் சிரித்தேன். இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி என்னுடைய பறவை.

ஒரு ஜனவரி ஞாயிறு. சாந்தோமில் முதல் பூசையை முடித்துவிட்டு, கோயில் புடவையோடு, கைப்பைக்குள் பைனாகுலருமாகப் பட்டினப்பாக்கம் வழியாக நடந்து அடையாற்று முகத்துவாரத்துக்குப் போனேன். ஞாயிறு என்றால் எனக்கு அதுதான் வழக்கம். உடைந்த பாலத்துக்குக் கீழே தண்ணீர் வற்றி, சேற்றுத் திட்டு தெரிந்தது. ஏழுமலை அங்கே வலையை உதறிக்கொண்டிருந்தார். பட்டினப்பாக்கத்துக்காரர். பல வருடப் பழக்கம், எங்கள் வீட்டுக்கு மீன் அவரிடம்தான்.

"இன்னாக்கா, சாமிகிட்ட சொல்லிக்கினு நேரா குருவியாண்ட வந்துட்ட?"

"நீ வலையைப் பாரு ஏழுமலை" என்றபடி பைனாகுலரை எடுத்தேன். கொசு உள்ளான்கள் ஐம்பது அறுபது இருந்தன. சிட்டுக்குருவி அளவே இருக்கிற, ஓயாமல் சேற்றைக் குத்திக்கொண்டே ஓடுகிற பறவைகள். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், கொஞ்சம் ஆழமான தண்ணீரில், ஒன்று மட்டும் குத்தாமல் மூக்கை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே நகர்ந்தது. தலையைத் தூக்கி என் பக்கம் திரும்பியது. மூக்கின் நுனி சப்பையாக, அகலமாக இருந்தது.

கரண்டிமூக்கு உள்ளான். உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது. எங்கள் குழுவில் ஒருவர்கூட வாழ்நாளில் பார்த்ததில்லை. பைனாகுலரை ஏழுமலையிடம் நீட்டி, நான் ஏதும் சொல்லாமல், "அந்த ஓரத்துல தனியா இருக்குல்ல, அதைப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லு" என்றேன்.

அவர் பார்த்தார். "மூக்கு சப்பையா கீதுக்கா. தோசத் திருப்பி மாரி கீது."

அழுதுவிட்டேன். வெட்கம் ஒன்றுமில்லை, அழுதேன். என்னிடம் அன்று கேமரா இல்லை. பூசைக்குக் கேமரா கொண்டு போகிறவள் இல்லை நான். போனில் எடுத்தால் புள்ளிதான் விழும் என்று எடுக்கவும் இல்லை. பத்து நிமிடம் பார்த்தேன். பிறகு நாய் ஒன்று ஓடிவர, எல்லாம் எழும்பிக் கடல் பக்கம் போய்விட்டன.

வீட்டுக்கு ஓடினேன். புடவைகூட மாற்றவில்லை. சாப்பாட்டு மேசையில் புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைக் கண்குளிரப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே அறிக்கையைத் தட்டினேன். மேல்பகுதி சாம்பல் பழுப்பு, நெற்றி வெள்ளை, வயிறு வெள்ளை, மூக்கு கரண்டி, கால்கள் கறுப்பு. ஏற்றிவிட்டுத்தான் காப்பி போட்டேன்.

மறுநாள் சாரிடமிருந்து ஏழு கேள்விகள் வந்தன. வெயில் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், பக்கத்தில் எத்தனை பறவைகள், மூக்கை எத்தனை தடவை முன்பக்கமாகப் பார்த்தீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் அனுப்பினேன். அன்று சாயங்காலம் போனிலேயே கூப்பிட்டுவிட்டார். வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து எடுத்தேன்.

"தண்ணி எதுவரைக்கும் இருந்தது?"

"வயிறு வரைக்கும் சார். மூக்கை ஆட்டி ஆட்டி..."

"வயித்து வரைக்கும் ஜலம். அப்போ கால் கறுப்புன்னு எப்படித் தெரிஞ்சது?"

போனை மறு காதுக்கு மாற்றினேன். பிறகு சொன்னேன். "ஒரு தடவை காலைத் தூக்கிக் கழுத்தைச் சொறிஞ்சுது சார். அப்ப பாத்தேன்."

அந்தப் பக்கம் காகிதத்தில் பேனா ஓடுகிற ஒலி கேட்டது.

"எந்தக் கால்?"

"வலது."

"சரி" என்று வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் ஏழுமலையிடம் மீன் வாங்கப் போனபோது அவர் ஆரம்பித்தார். "யாருக்கா அந்தத் தொப்பி போட்ட பெருசு? செவ்வாக்கெயம காத்தால வந்து குந்திக்கினு, அந்தக்கா இன்னா பாத்தாங்க, நீ இன்னா பாத்தன்னு போலீசு மாரி கேட்டுக்கினு இருந்தாரு. கால் எப்டி இருந்துச்சுன்னு கேட்டாரு. தண்ணிக்குள்ள இருந்தா எப்டி சார் தெரியும்னு சொல்டேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் வார்த்தையைச் சரிபார்க்க, என்னிடம் ஒரு சொல் சொல்லாமல், நான் மீன் வாங்குகிற இடத்துக்கே வந்து என்னைப் பற்றி விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார். தீப்பிடித்த கிடங்கு நான்தான்.

பத்து நாளில் முடிவு வந்தது. ஒரே வரி. "ஏற்பதற்கில்லை. விவரிப்பு நம்பத்தகுந்ததாக இல்லை." பறவை என்ன என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. நம்ப முடியாதது என் விவரிப்பு, அதாவது நான்.

அது போதாது என்று அந்த வருடக் கூட்டம் வேறு. அடையாறில் ஒரு சின்ன மண்டபம். அந்த வருடம் வந்த அரிய பறவைகளைத் திரையில் காட்டிக்கொண்டே வந்த பிரபு, "இப்படியும் ஏமாறலாம்" என்று ஒரு படத்தைப் போட்டார். கொசு உள்ளான் ஒன்று, மூக்கு நுனியில் உருண்டையாகச் சேறு ஒட்டிக்கொண்டு நின்றது. சேறு ஒட்டினால் சாதாரண மூக்கும் கரண்டி போலத் தெரியும். அனுபவம் இல்லாதவர்கள் ஏமாறுவார்கள் என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அன்றிலிருந்து குழுவில் எனக்கு 'சேறு அக்கா' என்று பெயர். பிரபு, இதை நீங்களே உங்கள் மலரில் அச்சுப்போட வேண்டும். எடுத்துவிடாதீர்கள்.

முதல் வரிசையில் சார் உட்கார்ந்திருந்தார். அவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கக்கூட என்னை லாயக்காக நினைக்கவில்லை என்று அதையும் அவர் கணக்கில்தான் எழுதிக்கொண்டேன்.

பிறகு ஆரம்பித்தது யுத்தம். நான் குழுவை விட்டுப் போகவில்லை, நகைக்கடைக்காரர் மாதிரி சிரித்துக்கொண்டே போகிற சுபாவம் எனக்கு இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் போனேன். நோட்டு வாங்கினேன். பார்த்ததை அங்கேயே நின்று எழுதினேன், கோடு போட்டேன், மணி போட்டேன். சாதாரண நாரைக்கே இரண்டு பக்கம் எழுதி அனுப்பி அவரைப் படிக்க வைத்தேன். அவரும் சளைக்காமல் கேள்வி கேட்டார். நான் போட்ட அரிய பறவைகளில் எட்டை ஏற்றுக்கொண்டார், நாலைத் தள்ளினார். ஏற்றுக்கொண்டபோது ஒரு 'நன்று' கிடையாது. "ஏற்கலாம்" என்று வரும், அவ்வளவுதான். இதையெல்லாம் படித்துவிட்டு, அவரால்தான் நான் ஒழுங்காகப் பறவை பார்க்கக் கற்றுக்கொண்டேன் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். அவரை மடக்குவதற்காகக் கற்றுக்கொண்டேன்.

நாலு வருடத்துக்கு முன்னால் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கே வந்து உட்கார்ந்தார். சர்க்கரை பார்க்க. நான்தான் ரத்தம் எடுத்தேன். ஊசி குத்தும்போது முகத்தைச் சுளிக்கவில்லை. குப்பியை மூடி நான் பக்கத்தில் வைத்தபோது, "பேரை என் கண்ணு முன்னாடி ஒட்டிடுங்கோ" என்றார்.

"முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன் சார்."

"அதனாலதான் சொல்றேன். புதுசா வந்தவா ஜாக்கிரதையா இருப்பா."

ஒட்டினேன். அதைப் படித்துப் பார்த்து, எழுத்துக்கூட்டி, தலையாட்டினார். எழுந்து போகும்போது சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே, "உங்க ரிசல்ட்டை நம்பலாம்" என்றார். இதை நம்பலாம், அதை நம்ப முடியாது என்றுதான் என் காதில் விழுந்தது. அன்று முழுக்க வருகிறவர்கள் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

அதற்கப்புறம் அவருக்குச் சிறுநீரகம் கெட ஆரம்பித்தது. எண்கள் ஏறுவதை நான்தான் மாதாமாதம் பார்த்தேன். வெளியே வர முடியாமல் போனதும் வீட்டுக்கே போய் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாம் என் பொறுப்பில் இருந்ததால் போனேன். ருக்மிணி மாமி, அவருடைய மனைவி, கதவைத் திறப்பார். "வாடிம்மா அமலா. மொதல்ல காப்பி சாப்பிடு, அவர் எங்கேயும் ஓடிடமாட்டார்." மாமி நல்லவர். இந்த மனிதரோடு நாற்பது வருடம் எப்படிக் குடித்தனம் செய்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கடைசியாகப் போனது அவர் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கை குச்சியாகிவிட்டிருந்தது, நரம்பு கிடைக்க நேரமாயிற்று. எடுத்து முடித்து, சொல்லாமலே, அவர் கண் முன்னால் பெயர்ச் சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்த உள்ளானை நானும் பாத்தேன்" என்றார்.

"எந்த உள்ளான்?"

"கரண்டிமூக்கு. உங்களுடையது. அந்த வலைக்காரரை விசாரிக்க வந்தேனோன்னோ, அன்னிக்கு. பதினோரு நிமிஷம் பாத்தேன். சேறெல்லாம் ஒண்ணும் இல்லை. மூக்குதான்."

குப்பி என் கையில் இருந்தது. அதை மெதுவாகப் பெட்டியில் வைத்தேன். கீழே போட்டுவிடக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது மனதில் ஓடியது.

"அப்ப ஏன் சார் சொல்லல?"

"கால் தெரியலை. வயித்து வரைக்கும் ஜலம். பதினோரு நிமிஷமும் தூக்கலை."

"நான் காலைக் கேக்கல சார். மூக்கைப் பாத்தீங்கல்ல? மண்டபத்துல அத்தனை பேரும் சிரிச்சாங்களே, அப்ப எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நான் பாத்தேன்னு சொன்னா உங்க ரிப்போர்ட் முழுக்கச் சரின்னு ஆயிடும். அதுல காலும் இருந்தது."

"ஒரு போன் பண்ணி, காலை எடுத்துடுங்க அமலான்னு சொல்லியிருந்தா எடுத்திருப்பேனே. ஒரே ஒரு போன்!"

"பண்ணினேனே" என்றார். குரல் உயரவே இல்லை. "எந்தக் கால்னு கேட்டேன். தெரியலை சார்னு சொல்லுவேள்னு காத்துண்டிருந்தேன். நீங்க வலதுன்னுட்டேள்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அலமாரியில் வரிசையாக நின்ற அவருடைய நோட்டுகளைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். "சரி, நான் பொய் சொன்னேன். நீங்க உங்க பேர்ல போட்டிருக்கலாமே? பறவைக்காவது நியாயம் கிடைச்சிருக்குமே."

"தனியாப் பாத்தது. போட்டோ இல்லை. வேற யாராவது அப்படிப் போட்டா நான் தள்ளிடுவேன். எனக்கு மட்டும் எப்படி?"

"பதினோரு வருஷம் சார்."

"ஆமாம்" என்றார்.

'தப்பு' என்று சொல்லவில்லை. 'மன்னிச்சுக்கோங்கோ' என்று சொல்லவில்லை. இந்த வயதில், இந்த உடம்போடு, இதையாவது சொல்லிவிடுவார் என்று நின்றேன். கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "காப்பி ஆறிடறதேடிம்மா" என்று மாமி கூப்பிட்டது படியிறங்கும்போது கேட்டது.

அந்த ரத்தத்தை ஒழுங்காகத்தான் பரிசோதித்தேன். எண் மோசமாக இருந்ததால் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தே அறிக்கை கொடுத்தேன். அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு வேறு ஆளை அனுப்பினேன். சாவுக்கும் போகவில்லை.

இந்தக் கட்டுரையைக் கிட்டத்தட்ட இதுவரைக்கும் எழுதி வைத்திருந்தேன், அந்தக் கட்டிலோரப் பேச்சு மட்டும் இல்லாமல். பாலத்தடியில் பார்த்தேன், தள்ளினார், சிரித்தார்கள், கல் மனசுக்காரர், போய்ச் சேர்ந்தார் என்று முடித்திருந்தேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் பதின்மூன்றாம் நாள் முடிந்து, மாமி சாருடைய நோட்டுகளையெல்லாம் குழுவுக்குக் கொடுத்துவிட்டார். அன்று மத்தியானம் பிரபு போனில் கத்தினார்.

"அக்கா! சார் நோட்டுல உங்க பறவை இருக்கு! அதே வாரம், அதே இடம். கரண்டிமூக்கு, தெளிவுன்னு எழுதியிருக்காரு. அக்கா, நான்தான் அந்தச் சேறு படத்தப் போட்டேன், எப்படிச் சொல்றதுன்னே தெரியல..."

"வேற என்ன எழுதியிருக்காரு?"

"அடியில கோடு போட்டு, ஏற்க வேண்டாம்னு இருக்கு. அத விடுங்க. ரெண்டு பேர் தனித்தனியாப் பாத்திருக்கீங்க, இனி யாரு மறுக்க முடியும்? உங்க ரிப்போர்ட்ட அப்படியே ஏத்துக்கறோம். சாருக்குப் பதில் இப்ப நான்தானே பாக்கறேன். உங்க கட்டுரையோட சேத்து மலர்ல அறிவிச்சிடலாம். சார் நெனைவா இருக்கும்."

எனக்கு வேண்டியதெல்லாம் தட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. என் பெயர், என் பறவை, சிரித்தவர்கள் எல்லோரும் வரிசையாக மன்னிப்புக் கேட்கிற ஒரு மலர். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பிரபுவுக்கு அந்தப் போன் பேச்சு தெரியாது. வலது கால் விஷயம் தெரிந்த ஒரே மனிதரைத்தான் எரித்துவிட்டார்களே.

அன்று சாயங்காலம் அறிக்கையைத் திறந்தேன். "கால்கள் கறுப்பு." இரண்டே சொற்கள்தான். இதுவும் இப்போது ஏற்றுக்கொள்ளப்பட்டதாகிவிடும், அதுவும் அவர் பெயரைச் சாட்சியாக வைத்து. இல்லாத கண் ஒன்று பார்த்த கால், அவருடைய நோட்டைக் காட்டி உண்மையாகிவிடும். வாழ்ந்த காலம் முழுக்க அவர் எதைச் செய்ய மறுத்தாரோ, அதை அவர் செத்து இரண்டு வாரத்தில் நான் செய்து முடித்திருப்பேன்.

என் கூடத்தில் யாராவது இப்படி ஓர் எண்ணைப் பார்க்காமல் அறிக்கையில் போட்டால் அன்றே சீட்டைக் கிழித்து அனுப்பிவிடுவேன். அது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவர்மேல் இத்தனை வருடக் கோபம் என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அது முழு உண்மை இல்லை. மண்டபத்தில் அவர் எழுந்திருக்கலாம். "அமலா பறவையைப் பார்த்திருக்கிறார், காலைப் பார்க்கவில்லை" என்று ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாம். பட்டியலும் சுத்தமாக இருந்திருக்கும், நானும் மனுஷியாக இருந்திருப்பேன். அதைச் செய்யாமல் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டியல்மேல் இருந்த அக்கறையில் கால்பங்கு, அதில் எழுதுகிறவர்கள்மேல் அவருக்கு இருந்ததில்லை. இதை அவருக்கு வேண்டியவர்கள் யாரும் எழுத மாட்டார்கள் என்பதால் நான் எழுதுகிறேன்.

பிரபுவைக் கூப்பிட்டேன். "கால் தெரியல பிரபு. அது காலைத் தூக்கவும் இல்ல. புஸ்தகத்தப் பாத்துப் போட்டேன். சார் கேட்டப்ப பொய் சொன்னேன்."

பிரபு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அக்கா, இதைப்போய் இப்ப ஏன் சொல்றீங்க? இது தெரிஞ்சா உங்க ரிப்போர்ட்டே நிக்காது. சாருடையது தனியாளு, போட்டோ இல்ல, அவரே வேண்டாம்னு எழுதியிருக்காரு. ரெண்டுமே போயிடும்."

"போகட்டும்."

"பறவ வந்தது நெஜம்தானே அக்கா!"

"நெஜம்தான். மூணு பேர் பாத்தோம். ஏழுமலையையும் சேத்துக்க."

இதை எழுதுகிற இன்று வரைக்கும், சென்னைப் பட்டியலில் அந்த ஜனவரிக்குக் கரண்டிமூக்கு உள்ளான் கிடையாது. இனியும் இருக்காது.

நேற்று ஞாயிறு. பூசை முடிந்து முகத்துவாரத்துக்குப் போனேன். "அந்தத் தொப்பிக்காரு பூட்டாராமே" என்றார் ஏழுமலை. ஆமாம் என்றேன். "கறாரான ஆளுக்கா. ஆனா அன்னிக்கு அந்தக் குருவியப் பாத்துக்கினே அப்டியே முட்டி போட்டு சேத்துல குந்திட்டாரு. வேட்டியெல்லாம் பாழு. நான்தான் கையப் புட்ச்சித் தூக்கிவுட்டேன்." இத்தனை வருடம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் கேட்கவில்லையே என்றார்.

கொசு உள்ளான்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றாக மூக்கைப் பார்த்தேன். ஒன்றின் நுனியில் சேறு ஒட்டியிருந்தது. வெறும் சேறுதான். ஆழமான பக்கத்தில், வயிறு வரைக்கும் தண்ணீரில், ஒன்று தனியாக நின்றது. அதுவும் கொசு உள்ளான்தான். நோட்டை எடுத்து, புத்தகத்தைத் திறக்காமல், எழுதினேன். மூக்கு, நெற்றி, வயிறு. பிறகு 'கால்: தெரியவில்லை' என்று எழுதி, அடியில் கோடு போட்டு, மணியைக் குறித்தேன்.

சேஷாத்ரி சார், நான் உங்களை மன்னிக்கவில்லை. நீங்கள் எந்தக் கால் என்று கேட்ட அந்தக் கேள்விக்குப் பதில் மட்டும் பாக்கி இருந்தது. எனக்குத் தெரியவில்லை சார். போய் வாருங்கள்.